அரசரின் நெஞ்சில் தொங்கிய இறைவசனம்
முகலாயர் அவையின் ஜேட் பதக்கங்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை



பொருள்களின் மீது எழுத்துகளைப் பொறிக்கும் வழக்கம் முஸ்லிம்களின் வரலாற்றில் தொடக்க காலத்திலிருந்தே இருந்து வருகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையில்லாத மடலை அம்மன்னர்கள் ஏற்பதில்லை என்று எடுத்துரைக்கப்பட்டது. எனவே வெள்ளியால் மோதிரம் ஒன்று செய்து, தமது திருப்பெயரும் தூதுத்துவமும் அதில் பொறிக்கப்படச் செய்தார்கள். அம்மோதிரம் பின்னர் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கரங்களை அலங்கரித்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்து, மூன்று நாள் தேடியும் கிடைக்காமற்போன செய்தியை ஹதீஸ் நூல்களில் நாம் படித்திருக்கிறோம்.

அந்த மோதிரத்து எழுத்து, அணிந்தவர் யார் என்பதை உலகுக்கு அறிவிக்கும் எழுத்து. இதற்கு வேறான மற்றொரு வகை எழுத்தும் உண்டு. அணிந்தவர் யாரிடம் அடைக்கலம் தேடுகிறார் என்பதைச் சொல்லும் எழுத்து அது. இவ்விரு வகை எழுத்துகளையும் ஒரே கல்லினத்தின் மீது அருகருகே காட்டும் காலம் ஒன்று உண்டென்றால், அது இந்தியாவை ஆண்ட முகலாயப் பேரரசர்களின் காலமாகும். அக்கல்லின் பெயர் ஜேட். அதில் செதுக்கப்பட்ட எழுத்துப் பதக்கங்களைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் சிந்திக்கவிருக்கிறோம்.

யஷ்ம் என்னும் கல்

பச்சை நிறம் என்றவுடன் பலர் ஜேட்டை மரகதம் என்று எண்ணிவிடுவர். இரண்டும் வெவ்வேறு கற்கள். மரகதம் கண்ணாடி போல் ஒளியை ஊடுருவ விட்டு மின்னும். ஜேட்டோ மெழுகு போன்ற மென்மையான பொலிவுடன், பாலாடையைப் போல் மங்கலாக ஒளிரும். கரும்பச்சை, இளம்பச்சை, சாம்பல், வெண்மை எனப் பல நிறங்களில் அது கிடைக்கிறது. இவற்றுள் ஆட்டுக் கொழுப்பின் நிறத்தை ஒத்த வெண்ணிறக் கல்லே மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது. பாரசீக மொழியில் இதனை 'யஷ்ம்' என்றும் 'யஷப்' என்றும் அழைத்தனர். முகலாயர் பயன்படுத்திய ஜேட், நெஃப்ரைட் என்ற வகையைச் சேர்ந்தது.

இந்தக் கல் மத்திய ஆசியாவின் கோத்தன் பகுதியிலிருந்து வந்தது. இன்று அப்பகுதி சீனாவின் சின்ஜியாங் மாநிலத்தில் உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி, மணிக்கற்களைப் பற்றித் தாம் எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலில் இக்கல்லைக் குறிப்பிடுகிறார். கோத்தனின் ஆறுகளிலிருந்து இது எடுக்கப்படுகிறது என்றும், துருக்கியர் இதனை வெற்றிக் கல்லாகக் கருதித் தம் வாள்களிலும் சேணங்களிலும் இடுப்பு வார்களிலும் பதித்துக்கொள்கின்றனர் என்றும் அவர் பதிவு செய்துள்ளார். முகலாயர்களின் முன்னோர் இத்துருக்கிய மரபில் வளர்ந்தவர்கள் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கல்லின் வணிகத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. பெந்தோ தெ கோயிஸ் என்ற போர்த்துகீசியக் கிறிஸ்தவத் துறவி, அக்பருடைய ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஆக்ராவிலிருந்து புறப்பட்டு, வணிகர் வேடத்தில் சீனாவை நோக்கிப் பயணம் செய்தார். வழியில் காபூல் நகரில் அவர் ஓர் அரச குலப் பெண்மணியைச் சந்தித்தார். காஷ்கர் மன்னரின் சகோதரியும் கோத்தன் ஆட்சியாளரின் தாயுமான அந்த அம்மையார், புனித ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் பொருளின்றித் தவித்துக்கொண்டிருந்தார். கோயிஸ் தம்மிடமிருந்த சரக்கில் ஒரு பகுதியை விற்று, ஏறத்தாழ 600 பொற்காசுகளை வட்டியின்றி அவருக்குக் கடனாகக் கொடுத்தார். ஊர் திரும்பிய அந்த ஹாஜியம்மாள் வாக்குத் தவறாமல் கடனைத் தீர்த்தார். எதைக் கொடுத்துத் தீர்த்தார் தெரியுமா? உயர்ந்த ரக ஜேட் கற்களைக் கொடுத்தே தீர்த்தார். சீனத்தில் அதைவிட இலாபம் தரும் சரக்கு வேறில்லை என்பதை இருவரும் அறிந்திருந்தனர். மதத்தால் வேறுபட்ட இருவருக்கிடையே நிலவிய நம்பிக்கைக்கும் நாணயத்துக்கும் அக்கல் சாட்சியாயிற்று.

ஆற்றுப் படுகையில் முத்துக் குளிப்பதைப் போல் மூழ்கி எடுக்கும் கல் ஒரு வகை என்றும், மலையில் பாறைகளாக வெட்டி எடுக்கும் கல் மற்றொரு வகை என்றும் கோயிஸின் பயணக் குறிப்புகள் கூறுகின்றன. அங்கிருந்து பனி மலைகளைக் கடந்து, பொதி சுமக்கும் விலங்குகளின் முதுகில் அது காஷ்மீருக்கும் லாகூருக்கும் ஆக்ராவுக்கும் வந்து சேர வேண்டியிருந்தது.

பெயரைச் சொன்ன எழுத்துகள்

முகலாயர் தம்மைத் தைமூரின் வழித்தோன்றல்கள் என்று பெருமையோடு கூறிக்கொண்டனர். சமர்கந்தில் கூர்-எ-அமீர் அடக்கத்தலத்தில் தைமூரின் கல்லறை மீது கரும்பச்சை ஜேட் கல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதனை அங்கு வைக்கச் செய்தவர் அவருடைய பேரர் உலூக் பெக். சமர்கந்தில் வானாய்வுக்கூடம் அமைத்து விண்மீன்களின் இருப்பிடங்களைக் கணித்த அறிஞர் அரசர் அவர்தாம்.

அந்த உலூக் பெக்கின் பெயர் பொறித்த வெண்ணிற ஜேட் குவளை ஒன்று இன்று போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இக்குவளை கைமாறி இந்தியா வந்து ஜஹாங்கீரை அடைந்தபோது, அவர் ஹிஜ்ரி 1022ஆம் ஆண்டில் தமது பெயரையும் அதில் பொறிக்கச் செய்தார். அவருக்குப் பின் ஷாஜஹானும் ஹிஜ்ரி 1056இல் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார். இரண்டு நூற்றாண்டுகள், மூன்று அரசர்கள், ஒரே குவளை! தைமூரின் வாரிசுரிமைப் பத்திரத்தைப் போல் அவர்கள் அக்கல்லைப் பாதுகாத்தனர் என்பது இதனால் விளங்குகிறது.

ஜஹாங்கீரின் காலத்தில் ஜேட் செதுக்கும் கலை அரண்மனைப் பட்டறைகளில் வேரூன்றியது. ஹிஜ்ரி 1028இல், அதாவது கி.பி. 1618-19இல் அவருக்காகச் செய்யப்பட்ட மைக்கூடு ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைச் செதுக்கிய கலைஞரின் பெயர் முஃமின் என்று அக்கல்லே சொல்கிறது. அரசருக்குரிய பொருளில் ஒரு கைவினைஞரின் பெயரும் இடம்பெற்றிருப்பது, உழைப்பாளிக்கு அளிக்கப்பட்ட மதிப்பைக் காட்டுகிறது.

இந்தக் கல்லில் எழுத்துப் பொறிப்பது எளிதன்று. ஜேட்டின் உள்ளே நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், உளி வைத்துத் தட்டிச் செதுக்க அது இடம் தராது. கடினமான கல்லின் பொடியை நீரில் குழைத்து, சுழலும் சக்கரத்தில் தடவி, சிறிது சிறிதாகத் தேய்த்தே உருவம் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்தில் பிழை நேர்ந்தால் அழித்து எழுத வழியில்லை. ஆகவே முதலில் எழுத்துக்கலை வல்லுநர் எழுதிக் கொடுக்க, அந்த வடிவத்தின் மீது கல் தச்சர் பொறுமையோடு உழைக்க வேண்டியிருந்தது.

ஹல்திலி: நடுங்கும் நெஞ்சுக்கு ஒரு பதக்கம்

குவளையும் மைக்கூடும் அரசரின் பெயரையும் பட்டத்தையும் பேசின. பதக்கங்கள் பேசியது வேறு. முகலாயர் அவையில் 'ஹல்திலி' என்றொரு வகைப் பதக்கம் வழக்கில் இருந்தது. இச்சொல்லின் மூலத்தைப் பார்த்தாலே அதன் நோக்கம் புரிந்துவிடும். 'ஹவ்ல்' என்பது அரபுச் சொல். திகில், அச்சம் என்பது அதன் பொருள். 'தில்' என்பது பாரசீகச் சொல். இதயம் என்பது அதன் பொருள். இவ்விரண்டும் சேர்ந்து 'ஹவ்லே தில்' ஆகி, பேச்சு வழக்கில் ஹல்திலி ஆயிற்று. நெஞ்சுப் படபடப்பு உள்ளவர்கள் நெஞ்சின் மீது படும்படி அணிந்துகொண்ட பதக்கம் இது.

பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய தகடாக இது இருக்கும். சில பதக்கங்கள் இதய வடிவிலும், சில நீர்த்துளி வடிவிலும், சில ஓரங்களில் பூவிதழ் போன்ற வளைவுகளுடனும் செய்யப்பட்டன. கயிறு கோத்துக்கொள்ள மேற்புறத்தில் துளையிடப்பட்டது. சிலவற்றில் தூய தங்கத் தகட்டை அழுத்திக் கற்களைப் பதிக்கும் குந்தன் வேலைப்பாட்டினால் மாணிக்கமும் மரகதமும் பதிக்கப்பட்டன. பதக்கங்கள் பலவற்றில் திருக்குர்ஆனின் வசனங்கள் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டன. குறிப்பாக, அல்லாஹ்வின் வல்லமையையும் ஓய்வறியாத அவனது பாதுகாப்பையும் எடுத்துரைக்கும் ஆயத்துல் குர்ஸீ அவற்றில் மிகுதியாகக் காணப்படுகிறது.

கல்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. ஜேட் கல் இதயத்துக்கு வலுவூட்டும் என்ற கருத்து அக்கால மருத்துவர்களிடையே பரவியிருந்தது. யூனானி வைத்தியத்தில் 'சங்கே யஷப்' என்ற பெயரில் அது இன்றளவும் மருந்துப் பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஐரோப்பியரும் இதே இனக் கல்லைச் சிறுநீரகக் கோளாறுக்கும் இடுப்பு வலிக்கும் பரிகாரமாக எண்ணி அணிந்தனர். நெஃப்ரைட், ஜேட் ஆகிய பெயர்களே சிறுநீரகத்தையும் இடுப்பையும் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தவைதாம்.

ஷாஜஹானின் பதக்கம்

ஷாஜஹானின் பெயர் பொறித்த ஹல்திலி பதக்கமும் காலத்தைக் கடந்து நமக்குக் கிடைத்துள்ளது. அது கி.பி. 1630களைச் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளின் தொடக்கத்தில் அவருடைய வாழ்வில் நிகழ்ந்ததை நாம் அறிந்தால், அப்பதக்கத்தை வெறும் அணிகலனாகப் பார்க்க நம்மால் இயலாது.

1631ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், தக்காணப் படையெடுப்பின்போது புர்ஹான்பூரில், தமது பதினான்காவது குழந்தையைப் பெற்றெடுத்த நிலையில் பேரரசி மும்தாஜ் மஹல் மரணமடைந்தார். 1612இல் திருமணமாகி, போர்க்களப் பாசறைகளிலும் கணவரைப் பிரியாதிருந்தவர் அவர். அப்போது ஷாஜஹானின் வயது 39. அந்தத் துக்கத்தில் அவருடைய தாடி விரைவாக நரைத்துவிட்டது என்றும், இரண்டாண்டுகள் இசையையும் ஆடம்பர உடைகளையும் அணிகலன்களையும் அவர் ஒதுக்கி வைத்தார் என்றும் அவரது அவை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஏழாண்டுகள் பாடுபட்டு 1635இல் முடிக்கப்பட்ட மயிலாசனத்தில் அமர்ந்தவர் இவர். கோல்கொண்டாவின் வைரங்களும் பதக்‌ஷானின் செந்நிறக் கற்களும் இவருடைய கருவூலத்தில் நிறைந்திருந்தன. அத்தகையவருக்கு, நெஞ்சின் படபடப்பைத் தணிக்க, கண்ணைப் பறிக்கும் ஒளியில்லாத ஒரு சாந்தமான கல் தேவைப்பட்டது. மும்தாஜின் பிரிவே அதற்குக் காரணம் என்று அக்கல்லில் எழுதப்படவில்லை. ஆயினும், அரசருக்கும் நெஞ்சு நடுங்கும் என்பதை அப்பதக்கத்தின் பெயரே நமக்கு ஒப்புக்கொள்கிறது. வேறெந்த அரசவைப் பொருளும் இவ்வளவு வெளிப்படையாக அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

கல்லா? வசனமா?

இங்கே மார்க்க அடிப்படையில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. இவ்வாறு வசனங்களை அணிவது ஆகுமா என்பதே அக்கேள்வி. இதில் ஸஹாபாக்களின் காலத்திலிருந்தே இரு கருத்துகள் உள்ளன. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள், மனனம் செய்ய இயலாத தமது சிறு குழந்தைகளுக்குப் பாதுகாப்புக்குரிய துஆவை எழுதி அணிவித்ததாக அறிவிப்பு உள்ளது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ எதையும் தொங்கவிடுவதை வெறுத்தார்கள். ஓதிப் பார்ப்பதைப் பற்றி இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் தமது 'ஃபத்ஹுல் பாரீ'யில் மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறார்கள். அது அல்லாஹ்வின் வசனமாகவோ அவனது திருப்பெயராகவோ இருக்க வேண்டும். அரபு மொழியிலோ பொருள் விளங்கும் வேறு மொழியிலோ இருக்க வேண்டும். அது தானாகப் பயன் தருவதில்லை, அல்லாஹ்வின் நாட்டத்தாலேயே பயன் கிடைக்கிறது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். எழுதி அணிவதை ஆகுமாக்கிய அறிஞர்களும் இதே நிபந்தனைகளையே வலியுறுத்துகின்றனர்.

மூன்றாவது நிபந்தனையின் முன்னால் முகலாயரின் பதக்கங்களை வைத்துப் பார்ப்போம். அணிந்தவர் நம்பியது கல்லையா, கல்லில் பொறித்த வசனத்தையா, வசனத்தை அருளியவனையா? உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. எனவே மறைந்தவர்கள் மீது தீர்ப்புச் சொல்ல நாம் துணிய மாட்டோம். ஆனால் கேள்வி நமக்கும் உரியது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கழுத்திலும் இடுப்பிலும் தாயத்துகள் இல்லையா? அதனுள் எழுதியிருப்பது என்னவென்று தெரியாமலேயே அணிந்திருப்போர் நம்மில் எத்தனை பேர்? ஷாஜஹானின் காலத்துப் பதக்கத்தில் வசனம் வெளியே தெரியும்படி செதுக்கப்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். நம்முடைய தகரக் குப்பிகளோ ஈயத்தால் அடைக்கப்பட்டுள்ளன.

மற்றொன்றையும் இங்கே வலியுறுத்தக் கடமைப்பட்டுள்ளோம். நெஞ்சு படபடத்தால் முதலில் நாட வேண்டியவர் மருத்துவர். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். கல்லை அணிவதால் இதய நோய் தீரும் என்பதற்கு இன்றைய மருத்துவத்தில் சான்று இல்லை. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

கிண்ணமும் பதக்கமும்

பெயரைச் சொல்லும் எழுத்து, அடைக்கலம் தேடும் எழுத்து என்ற இரு வகைகளை நாம் தொடக்கத்தில் குறிப்பிட்டோம். ஷாஜஹானின் வாழ்வின் பிற்பகுதியே இவ்விரண்டின் எடையையும் நமக்குக் காட்டுகிறது.

ஹிஜ்ரி 1067இல், அதாவது கி.பி. 1657இல் அவருக்காக வெண்ணிற ஜேட்டில் ஒரு கிண்ணம் செய்யப்பட்டது. சுரைக்காயின் பாதி போன்ற உடல், தாமரை மலரின் மீது அமர்ந்த அடிப்பகுதி, ஆட்டுத் தலையாக முடியும் கைப்பிடி என உலகின் தலைசிறந்த ஜேட் வேலைப்பாடுகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 1962ஆம் ஆண்டு முதல் அது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது மதுக் கிண்ணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. மார்க்கம் விலக்கிய ஒன்றுக்காக அத்தனை அழகும் செலவிடப்பட்டது என்பது வரலாற்றின் கசப்பான உண்மை. அக்கிண்ணத்தில் பொறிக்கப்பட்டிருப்பது தைமூரின் பட்டத்தை நினைவூட்டும் 'ஸாஹிபே கிரானே ஸானி' என்ற பட்டம். 'நற்கிரகச் சேர்க்கையின் இரண்டாம் அதிபதி' என்பது அதன் பொருள்.

அதே 1657ஆம் ஆண்டு செப்டம்பரில் ஷாஜஹான் கடும் நோயில் விழுந்தார். புதல்வர்கள் அரியணைக்காகப் போரில் இறங்கினர். 1658இல் ஔரங்கசீப் ஆட்சியைக் கைப்பற்ற, நற்கிரகத்தின் அதிபதி ஆக்ரா கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டார். ஏறத்தாழ எட்டாண்டுகள் மகள் ஜஹானாராவின் பணிவிடையில் வாழ்ந்து, 1666 ஜனவரியில் அவர் மறைந்தார். மயிலாசனத்தையோ 1739இல் நாதிர் ஷா ஈரானுக்குக் கொண்டு சென்றார்.

கிண்ணத்தில் பொறித்த பட்டம் ஓராண்டுக்குள் பொருளிழந்தது. பதக்கங்களில் பொறித்த இறைவசனமோ இன்றும் கோடிக்கணக்கான நாவுகளால் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஓதப்படுகிறது. அரசரும் அதையே ஓதினார். அரண்மனை வாசலில் காவல் நின்றவரும் அதையே ஓதினார். ஒருவர் அதை வெண்ணிற ஜேட்டில் அணிந்தார். மற்றவர் அதை நெஞ்சுக்குள் மனனமாக வைத்திருந்தார். இவர்களில் யாருடைய பதக்கம் உயர்ந்தது?

நமது கடமை

இன்று இப்பதக்கங்கள் பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டுள்ளன. காண்போர் அவற்றின் வேலைப்பாட்டை வியக்கின்றனர். ஆனால் நம் பிள்ளைகள் அங்கே சென்றால், வியப்பதோடு நில்லாமல் அவ்வெழுத்துகளைப் படிக்கவும் கூடியவர்களாக இருக்க வேண்டும். மக்தபில் அலிஃப், பா கற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் திறவுகோல் கையில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

நம் இல்லங்களிலும் முன்னோர் விட்டுச் சென்ற எழுத்துப் பொறித்த மோதிரங்களும் பதக்கங்களும் செம்புத் தகடுகளும் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போடுமுன் எழுதியிருப்பதைப் படித்தறியுங்கள். படிக்க இயலாவிடில் ஆலிம்களிடம் காட்டுங்கள். இறைவசனம் பொறித்தவற்றைத் தூய்மையான இடத்தில் கண்ணியத்தோடு வையுங்கள். அணிந்திருப்போர் கழிவறைக்குச் செல்லுமுன் கழற்றி வைக்கும் ஒழுக்கத்தைப் பேணுங்கள்.

ஆயத்துல் குர்ஸீயைக் கல்லில் பொறிக்க ஒரு கலைஞருக்கு நெடுநாள் உழைப்புத் தேவைப்பட்டது. நெஞ்சில் பொறிக்க நமக்குச் சில நாட்களே போதும். வல்ல அல்லாஹ் அவ்வசனத்தை நம் உள்ளங்களில் நிலைக்கச் செய்து, நம் நெஞ்சங்களின் நடுக்கங்களைப் போக்கி, அவனையன்றி வேறெவரிடமும் அடைக்கலம் தேடாத மக்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.